மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜின்கோ, மல்டிவைட்டமின்: இதயத்துக்கும் மூளைக்கும் பலன் உண்டா? ஆய்வுகளைப் படித்தவர்கள் சொல்லுங்கள்

#1 நதிமூலம்

வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். கொழுப்புக்கு ஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்று எழுதிக்கொடுத்த மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கவலை அதற்கு மேல் சேர்ந்திருக்கும் மாத்திரைகளைப் பற்றித்தான். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜின்கோ, கோஎன்சைம் க்யூ10, ஒரு மல்டிவைட்டமின். ஒவ்வொன்றும் யாரோ நல்ல எண்ணத்தில் சொல்லி வந்து சேர்ந்தது. இப்போது சிலருடைய பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்று, மூளைக்கென இன்னொன்றையும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் ஏதாவது சொன்னால், "எல்லாம் ஆராய்ச்சி செய்துதானே விற்கிறார்கள்" என்கிறார். அந்த ஆராய்ச்சி உண்மையில் என்ன கண்டது? ரத்தப் பரிசோதனை எண்கள் மாறினதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய் குறைந்ததா என்று தெரிந்தால் போதும். விளம்பரச் சுட்டிகள் தயவுசெய்து வேண்டாம்.

#2 கணக்கன்

நல்ல கேள்வி. உங்கள் அப்பா சொல்வது பொய்யில்லை, ஆராய்ச்சி நிறையவே நடந்திருக்கிறது. அதன் முடிவு பெட்டியின் மேல் அச்சாகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

வைட்டமின் ஈயிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் கதையும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 1993இல் அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று வந்தது. வைட்டமின் ஈ மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோய் குறைவு என்றது. எல்லோரும் வாங்க ஆரம்பித்தார்கள். ஆனால் தானாகவே வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் புகைக்காதவர், நடைப்பயிற்சி செய்பவர், வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறவர். நன்மை மாத்திரையால் வந்ததா, அந்த ஆளின் பழக்கத்தால் வந்ததா என்று பின்தொடர்வதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால்தான் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு வைட்டமினும் மீதிப் பேருக்கு அதே மாதிரித் தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500க்கும் மேற்பட்டவர்கள், தினமும் 400 யூனிட். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் மரணத்திலும் எந்த வேறுபாடும் இல்லை. பிறகு செலக்ட் என்ற ஆய்வு, அது புற்றுநோய்க்காக நடந்தது. அதே 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரிந்தது.

பீட்டா கரோட்டின் இன்னும் மோசம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில் அதை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கூட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, குறைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 2022இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, இதயநோய்க்கும் புற்றுநோய்க்கும் முன்தடுப்பாக இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

#3 மருந்துச்சீட்டு

மருந்தாளுநராகச் சொல்கிறேன். நதிமூலம், முதலில் ஜின்கோவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், இந்த வாரமே. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து எடுக்கிறவருக்கு ஏற்கெனவே ரத்தக்கசிவு வாய்ப்பு கூடுதல். ஜின்கோ அதை எவ்வளவு கூட்டும் என்பதில் சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் எடைபோட வேண்டியது அந்த ஆபத்தை மட்டும் அல்லவே, எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதையும்தானே.

எதிர்த்தட்டில் ஒன்றுமில்லை. 2008இல் வந்த ஜெம் ஆய்வில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேர் தினமும் இருவேளை 120 மில்லிகிராம் ஜின்கோவோ வெற்று மாத்திரையோ எடுத்தார்கள். சராசரியாக ஆறு ஆண்டுகள். மறதிநோய் வருவதை அது தடுக்கவில்லை. பிரான்சில் நடந்த கைட்ஏஜ் ஆய்வும் 2012இல் அதையே சொன்னது. இதைவிடப் பெரிதாக, இதைவிட நீண்ட காலம் ஒரு மூலிகையைச் சோதிப்பது அபூர்வம்.

அப்புறம், எழுதிக்கொடுத்த மருந்துகளை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

#4 வெண்பனி

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது சரியாகப் படவில்லை. என் கணவருக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 400க்கு மேல் இருந்தது. இதய மருத்துவரே மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 எழுதிக்கொடுத்தார், நன்றாகக் குறைந்தது. மீன் எண்ணெயால் பலனே இல்லை என்று யாராவது எழுதப் போகிறீர்கள் என்றால் அதை ஏற்க மாட்டேன்.

#5 கணக்கன்

அப்படி எழுதப் போவதில்லை, வெண்பனி அம்மா. ஒமேகா-3 பற்றித்தான் உண்மையான சண்டை இன்னும் ஓயாமல் நடக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1970களில் கிரீன்லாந்து இனுயிட் மக்களைப் பற்றி டென்மார்க் மருத்துவர்கள் பாங்கும் டயர்பெர்க்கும் எழுதினார்கள். கடல் கொழுப்பை ஏராளமாக உண்பவர்கள், மாரடைப்பு குறைவு என்று. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1999இல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த 11,000க்கும் மேற்பட்டவர்களில் தினமும் 1 கிராம் எடுத்தவர்களுக்கு மரணம் குறைந்தது. அந்த ஆய்வில் வெற்று மாத்திரை கொடுக்கப்படவில்லை என்பதையும், ஸ்டாட்டின் இப்போதுபோல் பரவலாக இல்லாத காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்குப் பிறகு 1 கிராம் அளவில் நடந்த பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஒரிஜின் (2012, 12,536 பேர்), அசெண்ட் (2018, சர்க்கரை நோயாளிகள் 15,480 பேர்), இரண்டிலும் பலன் இல்லை. வைட்டல் (25,871 பேர், சராசரி 5.3 ஆண்டுகள்) முதன்மை இலக்கில் தோற்றது. மாரடைப்பை மட்டும் தனியாக எண்ணியபோது 28 சதவீதம் குறைவு தெரிந்தது. அது ஆய்வின் முக்கியக் கேள்வி அல்லாத இரண்டாம் நிலைக் கணக்கு என்பதால் நான் அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன், தூக்கி எறியவும் மாட்டேன்.

இனி உங்கள் கணவர் எடுப்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் அது தினம் 4 கிராம் அளவிலான, மருந்துத் தரத்தில் சுத்திகரித்த ஒமேகா-3. 2018இல் ரெட்யூஸ்-இட் ஆய்வு வந்தது. ஸ்டாட்டின் எடுத்தும் ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருந்த 8,179 பேருக்கு, ஐகோசாபென்ட் எத்தில் என்ற மருந்து, அதில் ஒமேகா-3 வகைகளில் ஒன்றான இபிஏ மட்டும்தான். இதய நிகழ்வுகள் 22 சதவீதத்திலிருந்து 17.2 சதவீதமாக இறங்கின. ஏறக்குறைய 5 ஆண்டுகளில் இருபத்தோரு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு பெரிய நிகழ்வு தவிர்க்கப்பட்டது என்று அர்த்தம். இந்தத் துறையில் இது பெரிய எண். 2019 இறுதியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதலும் கொடுத்தது.

2020இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு வந்தது. அதே 4 கிராம்தான், ஆனால் இபிஏவும் ஒமேகா-3இன் இன்னொரு வகையான டிஎச்ஏவும் கலந்தது. 13,078 பேர். பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஏன் இவ்வளவு வேறுபாடு? ஒரு தரப்பு, இபிஏ தனியாக இருந்தால்தான் வேலை செய்யும், டிஎச்ஏ சேர்ந்தால் கெடும் என்கிறது. மறு தரப்பு வெற்று மாத்திரையைக் காட்டுகிறது. ரெட்யூஸ்-இட்டில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்தது கனிம எண்ணெய். அந்தக் குழுவில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு சுமார் 10 சதவீதம் ஏறியது, அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ஏறியது. ஸ்ட்ரெங்த்தில் சோள எண்ணெய் கொடுத்தார்கள், அப்படி எதுவும் ஏறவில்லை. அப்படியானால் ரெட்யூஸ்-இட்டின் வெற்றியில் ஒரு பகுதி, எதிர்க்குழு கொஞ்சம் மோசமானதால் கிடைத்ததா? அந்த முழுக் குறைவையும் அது விளக்காது என்பது என் கருத்து. பாதியை விளக்கினாலும் அது பெரிய விஷயம்தான்.

ஆக, உங்கள் கணவருக்கு மருத்துவர் எழுதியதில் நியாயம் இருக்கிறது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்த நியாயத்தைக் கடன் கொடுக்க முடியாது.

#6 வெண்பனி

விளக்கத்துக்கு நன்றி. ஒன்று கேட்க வேண்டும். மருத்துவர், படபடப்பு வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். அது எதற்கு?

#7 மருந்துச்சீட்டு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது, பக்கவாதத்துக்கு வழி விடக்கூடியது. ரெட்யூஸ்-இட்டில் அதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 3.1 சதவீதம், மற்றதில் 2.1. ஸ்ட்ரெங்த்திலும் கூடியது. 2021இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, 81,210 பேரின் தரவுகளை அலசினார்கள். தினம் 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் 49 சதவீதம் கூடுதல், 1 கிராமும் அதற்குக் குறைவும் என்றால் சுமார் 12 சதவீதம். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுவதால் இது தற்செயல் என்று தள்ள முடியாது. ட்ரைகிளிசரைடு அதிகமுள்ளவருக்கு லாபம் அதைத் தாண்டி நிற்கலாம். சும்மா உடம்புக்கு நல்லது என்று எடுக்கிறவருக்கு அப்படி இல்லை.

#8 நதிமூலம்

அப்பாவின் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாக "மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம்". பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120. அப்படியென்றால் ஆயிரத்தில் முந்நூறுதான் ஒமேகா-3யா?

#9 கணக்கன்

ஆமாம், மீதி எழுநூறு வேறு கொழுப்புகள். தினம் ஒன்று எடுத்தால், பலன் இல்லை என்று முடிந்த 1 கிராம் ஆய்வுகளின் அளவைக்கூடத் தொடவில்லை. ரெட்யூஸ்-இட் அளவுக்கு இபிஏவை எட்ட வேண்டுமென்றால் அந்த மாத்திரையை நாளைக்கு இருபதுக்கும் மேல் விழுங்க வேண்டும். தயவுசெய்து அப்பாவிடம் இந்தக் கணக்கை முழுதாகச் சொல்லுங்கள், பாதி கேட்டுவிட்டு அளவைக் கூட்டிவிடப் போகிறார்.

#10 ஆய்வகமூலை

மூளைப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன், நரம்பியல் ஆய்வகத்தில் வேலை.

ஒமேகா-3 மூளையிலும் ஏமாற்றம்தான். 2010இல், அல்சைமர் உள்ள 402 பேருக்குத் தினம் 2 கிராம் டிஎச்ஏ, 18 மாதங்கள். நோய் முன்னேறும் வேகம் குறையவில்லை. பிரான்சின் மேப்ட் ஆய்வு, நோய் வருவதற்கு முன்பே மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தது, அங்கும் ஒன்றுமில்லை.

பி வைட்டமின்களின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, எவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று அது கற்றுத்தருகிறது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகமாக உள்ளவர்களுக்கு மாரடைப்பும் மறதிநோயும் அதிகம். ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் அழகாக இறங்கிவிடும். அப்படியானால் மாரடைப்பும் இறங்க வேண்டும் அல்லவா? 2006இல் ஹோப்-2, நார்விட் இரண்டும் வந்தன. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. நதிமூலம் ஆரம்பத்திலேயே பரிசோதனை எண் இரண்டாம்பட்சம் என்றாரே, அதன் காரணம் இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2015இல் சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் எனலாப்ரில் மாத்திரையோடு ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுத்தபோது முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கும் வழக்கம் இல்லாத மக்கள் அவர்கள். ஏற்கெனவே போதுமான அளவு கிடைக்கிறவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இது தெரியவே வாய்ப்பில்லை.

மூளையிலும் அப்படித்தான். ஆக்ஸ்போர்டின் விட்டாகாக் ஆய்வு 2010இல் வந்தது. லேசான நினைவுக் குறைவு உள்ள முதியவர்கள். ஸ்கேன் எடுத்து மூளை சுருங்கும் வேகத்தை அளந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் ஆண்டுக்கு 1.08 சதவீதம், பி வைட்டமின் குழுவில் 0.76. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்தவர்களில் வேகம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பலனும் ரத்தத்தில் ஒமேகா-3 நல்ல அளவில் இருந்தவர்களிடம்தான் தெரிந்தது என்று பிந்தைய அலசல் காட்டியது. சிறிய ஆய்வு, ஸ்கேன் முடித்தவர்கள் 168 பேர்தான். நெதர்லாந்தில் கிட்டத்தட்ட மூவாயிரம் பேரிடம் நடந்த பி-ப்ரூஃப் ஆய்வில் சிந்தனைத்திறனில் பெரிய நன்மை தெரியவில்லை. அதனால் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்று தேடிப் பிடித்துக் கொடுப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

#11 மருந்துச்சீட்டு

ஆய்வகமூலை சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன், இந்த இழையில் நதிமூலத்துக்கு மிக உதவக்கூடியது இதுவாகத்தான் இருக்கும். அப்பா மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்றீர்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்தால் உடல் பி12 உறிஞ்சுவது குறையும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நீண்ட நாள் எடுத்தால் அதேதான், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதையும் பெரும்பாலும் எழுதுவார்கள். பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும், நடையில் தள்ளாட்டம் வரும். மறதிநோய்க்கான காரணங்களில் சரிசெய்யக்கூடியவை மிகச் சில, அவற்றில் இது ஒன்று. பி12 அளவையும் தைராய்டையும் பார்த்தாரா என்று கேளுங்கள். மூளைக்கு மாத்திரை தேடுவதற்கு முன்னால் அந்த ஒரு குழாய் ரத்தம் முக்கியம்.

#12 இளந்தென்றல்

என் அம்மாவுக்கு மறதிநோய். பாட்டிக்கும் இருந்தது. அதனால் இந்த விஷயத்தை வெளியில் நின்று பார்க்க எனக்கு முடியாது. காஸ்மோஸ் ஆய்வைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? மல்டிவைட்டமின் நினைவாற்றலை மேம்படுத்தியது என்று மூன்று தனித்தனி ஆய்வுகளாக வந்திருக்கிறதே? அதையும் பலன் இல்லை என்று சொல்லிவிடுவீர்களா?

#13 கணக்கன்

சொல்ல மாட்டேன். காஸ்மோஸ் ஒழுங்காக நடந்த ஆய்வு. 21,442 பேர், குலுக்கல் முறை, வெற்று மாத்திரை, எல்லாம் சரி. நான் பார்ப்பது அளவை. 2023இல் வந்த பகுதியில் 3,562 பேருக்குக் கணினியில் 20 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். இரு குழுவுக்கும் இடையிலான சராசரி வேறுபாடு ஒரு முழுச் சொல்கூட இல்லை. அதை "மூன்று ஆண்டு மூப்பு தள்ளிப்போனதற்குச் சமம்" என்று மாற்றிச் சொன்னதும் தலைப்புச் செய்தியாகிவிட்டது. மறதிநோய் வருவது குறைந்ததா என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவே இல்லை. இதற்கு முன் ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், 65 வயதைத் தாண்டிய 5,947 பேர், 12 ஆண்டுகள் மல்டிவைட்டமின் எடுத்தும் வேறுபாடு இல்லை.

#14 ஆய்வகமூலை

கணக்கனோடு இங்கே கொஞ்சம் முரண்படுகிறேன். ஒரு சொல்லுக்கும் குறைவு என்பது தனி ஆளுக்குச் சிறியது, உண்மை. ஆனால் தொலைபேசியில் சோதித்த பகுதி, இணையத்தில் சோதித்த பகுதி, நேரில் சோதித்த பகுதி, மூன்றும் ஒரே திசையில் நகர்ந்தன. அது தற்செயலாக நடப்பது கடினம். அந்தத் திசையை மதிக்க வேண்டும். மருத்துவர்கள் ஆய்வில் முதல் சோதனையே மாத்திரை தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் நடந்தது, ஆரம்ப மாற்றம் அதில் தவறியிருக்கலாம்.

இதே காஸ்மோஸில் கோகோ சாற்றையும் சோதித்தார்கள். மொத்த இதய நிகழ்வுகளில் உறுதியான குறைவு இல்லை. இதயநோய் மரணம் 27 சதவீதம் குறைந்தது, அதுவும் இரண்டாம் நிலைக் கணக்கு. நினைவாற்றலில் ஒட்டுமொத்தமாகப் பலன் இல்லை, ஆனால் உணவுத்தரம் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம், குறைவாக இருப்பவருக்குப் பலன். ஆய்வுக்கு நிதி கொடுத்ததில் சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனமும் உண்டு, அரசின் நிதியும் உண்டு என்பதையும் படிப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இளந்தென்றல், உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது, காஸ்மோஸ் ஆட்கள் நோய் இல்லாதவர்கள். அதனால் அதை அம்மாவுக்குப் பொருத்த முடியாது. உங்களுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ள நினைத்தால், சாதாரண அளவுள்ள ஒரு மல்டிவைட்டமினை நான் தடுக்க மாட்டேன். ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன், இந்த மூன்றையும் சரியாக வைத்திருப்பதில் உங்கள் அக்கறை முதலில் போகட்டும். மூளையைக் காப்பதில் அவற்றுக்குள்ள சான்று எந்த மாத்திரையையும்விடக் கனமானது.

#15 இளந்தென்றல்

நன்றி. அழுத்தம் எனக்கு எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதை இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

#16 புதுவெள்ளம்

ஸ்டாட்டினுக்குப் பதில் இயற்கையாகக் கொழுப்பைக் குறைக்கலாம் என்று பூண்டு, மஞ்சள், சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகள் வருகின்றனவே, அவை எப்படி?

#17 மருந்துச்சீட்டு

2022இல் ஸ்போர்ட் என்ற ஆய்வு இதை நேருக்கு நேர் மோதவிட்டது. 190 பேர், 28 நாள். குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின், அதாவது 5 மில்லிகிராம், எல்டிஎல்லை சுமார் 38 சதவீதம் குறைத்தது. மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி, இந்த ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிட உறுதியாக மேலே வரவில்லை. பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறியது.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் மருந்தேதான். ஆனால் ஒரு புட்டிக்கும் இன்னொரு புட்டிக்கும் அளவு மாறும். ஸ்டாட்டினோடு சேர்த்து எடுத்தால் அளவு கூடி, தசையும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். 2024இல் ஜப்பானில் இதே வகைப் பொருள் ஒன்றால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

#18 நதிமூலம்

கோஎன்சைம் க்யூ10 மட்டும் மிச்சம். ஸ்டாட்டினால் கால் வலிக்கிறது என்றுதான் அப்பா அதை எடுக்கிறார்.

#19 கணக்கன்

இதயம் பலவீனமானவர்களுக்கு அதில் ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. 2014இல் க்யூ-சிம்பியோ ஆய்வு, 420 நோயாளிகள், தினம் 300 மில்லிகிராம், இரண்டு ஆண்டுகள். பெரிய இதய நிகழ்வுகள் 26 சதவீதத்துக்குப் பதில் 15. ஆனால் 420 பேர் என்பது சிறிய கூட்டம், இதே அளவு பலனை ஒரு பெரிய ஆய்வு திரும்பக் காட்டினால்தான் நம்பலாம். தசைவலிக்கு அது உதவுகிறது என்பதற்குச் சான்று பலவீனம்.

வலியைப் பற்றிச் சாம்சன் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேர். சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் வெற்று மாத்திரை, சில மாதங்கள் ஒன்றுமே இல்லை, மாத்திரை எடுத்த மாதங்களில் அது எது என்று தெரியாது. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை, அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. பெரும்பாலும் காரணம் அந்த மருந்தின் வேதிப்பொருள் இல்லை, அவ்வளவுதான். முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் திரும்ப ஸ்டாட்டின் தொடங்கினார்கள். அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசலாம்.

#20 மருந்துச்சீட்டு

ஒன்றை விட்டுவிடக் கூடாது. முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம், மாத்திரையிலோ 10 மில்லிகிராம் வரை, அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகளில் சிலவற்றை அது குழப்பி, அளவைக் குறைத்துக் காட்டும். மாரடைப்பு இருந்தும் இல்லை என்று வரலாம். 2017இல் எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது, ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டது. நெஞ்சுவலி என்று அவசரப்பிரிவுக்குப் போனால், என்னென்ன எடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது இதையும் சொல்ல வேண்டும்.

#21 நதிமூலம்

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போனேன். ஜின்கோவையும் வைட்டமின் ஈயையும் நிறுத்தச் சொன்னார். மீன் எண்ணெய் தேவையில்லை என்றார், அப்பாவின் ட்ரைகிளிசரைடு சரியாக இருக்கிறது. பி12 குறைவாக வந்திருக்கிறது. ஊசியா மாத்திரையா என்று அடுத்த முறை பேசலாம் என்றார். அதற்குள் வீட்டில் ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிறது, அதைத் தொடங்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

#22 மருந்துச்சீட்டு

வேண்டாம். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தச்சோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்புப் பாதிப்பு நடந்துகொண்டே இருக்கும். முதலில் பி12. பலருக்குத் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். கால் மரத்துப்போவதோ நடை தள்ளாடுவதோ இருந்தால் ஊசியில் தொடங்குவார்கள், அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, அடுத்த முறைவரை காத்திருக்காமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.